கூண்டு காணாத ஊர்கள்

2016ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள். 'வர்தா' என்னும் பெயருடைய புயல் அன்று பிற்பகலில் சென்னைக்கு அருகே கரை கடந்தது. மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் வரை விரைவுடைய காற்று வடக்கிலிருந்து வீசிற்று. சாலையோரத்து மரங்கள் ஆயிரக்கணக்கில் வேரொடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன. கூரைத் தகடுகள் காகிதம் போலப் பறந்தன. அந்நிலையில், புயலின் நடுப்பகுதி கடந்த இடங்களில், திடீரென ஓர் அமைதி நிலவிற்று. 'புயல் ஒழிந்தது' என்று எண்ணிப் பலர் கதவைத் திறந்து தெருவிற்கு வந்தனர். சிறிது நேரத்தில் காற்று மீண்டும் எழுந்தது. இம்முறை அது தெற்கிலிருந்து வந்தது.

இடையில் நிலவிய அமைதி புயலின் முடிவு அன்று. அது புயலின் கண். நில நடுக்கோட்டிற்கு வடக்கே புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழலும். சுழலின் நடுவே காற்று அடங்கிய ஒரு வட்டம் இருக்கும். கிழக்கிலிருந்து வரும் புயலின் முன்பாதி ஒருவரைக் கடக்கும்போது வடகாற்றும், பின்பாதி கடக்கும்போது தென்காற்றும் அவரைத் தாக்கும். இதனை அறிந்தவர் அன்று கதவைத் திறந்திரார். அம்மக்களுக்குத் தேவைப்பட்டது பெருநூல் அறிவு அன்று. 'புயலின் மையம் இந்நேரம் எங்கே நிற்கிறது?' என்னும் ஒரு வினாவிற்கு விடையே ஆகும்.

இவ்வினாவிற்கு விடைகாண முயன்றவர்களுள் முன்னோடியாகச் சொல்லத்தக்கவர் ஹென்றி பிடிங்டன். அவர் கப்பல் தலைவராக இருந்து, பின்னர்க் கல்கத்தாவில் தங்கி வாழ்ந்தவர். வானிலை ஆய்வு அவருக்குத் தொழில் அன்று. அக்காலத்தில் இந்தியாவில் வானிலைக்கென ஒரு துறையும் தோன்றவில்லை. அது தோன்றியது 1875இல். பிடிங்டன் தம் ஓய்வுப் பொழுதில், வங்கக் கடலில் அலைந்த கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டினார். எந்நேரத்தில் எத்திசையிலிருந்து காற்று வீசியது என்பதைக் கப்பல்தோறும் ஒப்பிட்டார். புயல்கள் சென்ற வழிகளை வரைந்தார். 'சைக்ளோன்' என்னும் சொல்லை உலகிற்கு வழங்கியவர் அவரே. பாம்பு சுருண்டு கிடக்கும் வடிவை எண்ணிக் கிரேக்க மொழியிலிருந்து அச்சொல்லை அவர் அமைத்தார்.

1848இல் அவர் மாலுமிகளுக்காக ஒரு கைந்நூல் வெளியிட்டார். அந்நூலோடு ஒளி ஊடுருவும் மெல்லிய கொம்புத் தகடுகள் இரண்டு இணைக்கப்பட்டிருந்தன. தகட்டில் புயற்காற்றின் வட்டங்களும் திசைகளும் பொறிக்கப்பட்டிருந்தன. மாலுமி அத்தகட்டைக் கடற்படத்தின்மேல் வைத்துத் தன் கப்பலில் வீசும் காற்றின் திசையோடு பொருத்திப் பார்த்தால், புயலின் மையம் எப்பக்கம் உள்ளது என்பது விளங்கும். கல்வி மிகுந்தோர்க்கன்றி எல்லா மாலுமிகட்கும் விளங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். இன்று கணினியில் புயலைத் தொடரும் நிரல்கள் செய்வதும் ஏறத்தாழ இதுவே. கொம்புத் தகடு கண்ணாடித் திரையாயிற்று, அவ்வளவே.

ஆயினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். புயலறிவு கடலோடிகளுக்காகப் பிறந்தது. துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டை எல்லாரும் கேள்வியுற்றிருப்பர். ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணுடைய அக்கூண்டுகளைக் கப்பலில் உள்ளோர் காண்பர், மீனவர் காண்பர். அம்பத்தூரில் இருப்பவர் காணார். ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் இருப்பவர் காணார். இவ்வூர்கள் கடற்கரையிலிருந்து பதினைந்து முதல் இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் மேற்கே உள்ளன. 'ஐந்தாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்னும் செய்தி அங்கே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கும். அதனால் தம் வீட்டு வாயிலில் நீர் ஏறுமா ஏறாதா என்பது எவர்க்கும் விளங்குவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் பணியே பொழுதுபோக்காகக் கணினி நிரல் எழுதுவோர்க்குத் தகுந்த பணி. 'பொழுதுபோக்கு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் சிலர் இதழ் சுழிப்பர். பைத்தான் என்னும் நிரல்மொழியை இன்று உலகெங்கும் அறிவியலார் கையாளுகின்றனர். அதனைக் கைடோ வான் ரோசம் என்னும் நெதர்லாந்து நாட்டவர் 1989ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகவே எழுதத் தொடங்கினார். உலகின் காற்றோட்டங்களை ஓடும் கோடுகளாகக் காட்டும் அழகிய உலகப்படம் ஒன்றைத் தோக்கியோவில் வாழ்ந்த கேமரன் பெக்காரியோ என்னும் பொறியாளர் 2013இல் தம் ஓய்வுநேரத்தில் அமைத்தார். அதன் நிரல் வரிகளையும் எல்லாரும் காணுமாறு வெளியிட்டார். அமெரிக்க அரசின் வானிலைக் கணிப்பு எண்கள் எவரும் விலையின்றிப் பெறத்தக்கவை. அவ்வெண்கள் திறந்திருந்தமையால் அன்றோ ஒரு தனிமனிதர் அதனைச் செய்ய முடிந்தது!

சென்னையிலும் அத்தகைய கருவூலம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு வானாய்வுக் கூடம் ஒன்று அமைந்தது. அவ்விடத்தில் இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் பணிபுரிகின்றது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் 1891 முதல் தோன்றிய புயல்கள், காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் ஆகியவற்றின் வழிகளைக் கணினியில் காணத்தக்க படத்தொகுதியாக அம்மையம் ஆக்கியிருக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட புயல்களின் கதையை அதில் ஒரு மாணவன் ஒரு மாலைப் பொழுதில் கண்டுவிடலாம்.

புயலைத் தொடரும் நிரலின் அடிப்படை கடினமானதன்று. வானிலை மையம் சில மணி நேரத்திற்கு ஒருமுறை புயல் மையத்தின் குறுக்குக்கோட்டையும் நெடுங்கோட்டையும் அறிவிக்கிறது. ஆவடி ஏறத்தாழ 13.1 பாகை வட குறுக்குக்கோட்டிலும் 80.1 பாகைக் கீழை நெடுங்கோட்டிலும் உள்ளது. புயல் அதே குறுக்குக்கோட்டில், 83 பாகை நெடுங்கோட்டில் நிற்பதாகக் கொள்வோம். வேறுபாடு 2.9 பாகை. இப்பகுதியில் ஒரு பாகை நெடுங்கோட்டின் அகலம் ஏறத்தாழ 108 கிலோமீட்டர். எனவே தொலைவு ஏறத்தாழ 315 கிலோமீட்டர். புயல் மணிக்கு 15 கிலோமீட்டர் விரைவில் நேர்மேற்கே நகர்ந்தால் 21 மணி நேரத்தில் ஆவடியை அடையும். பள்ளி மாணவர் தாளிலேயே செய்துவிடும் கணக்கு இது. உலகம் உருண்டையாதலின் நிரலில் சற்று வேறான சூத்திரம் வேண்டும். கோண அளவியல் கற்றவர் அதனையும் எளிதில் கற்பர்.

ஆனால், இங்கேதான் நிரலாளர் பலர் வழுக்கி விழுகின்றனர். திரையில் ஒரு கோட்டை வரைந்து, 'இதோ புயலின் வழி' என்று காட்டிவிடுகின்றனர். ஒரு நாளுக்கு முன் சொல்லும் புயல்வழிக் கணிப்பில் பல பத்துக் கிலோமீட்டர் பிழை நேர்தல் இயல்பு. துறைமுகத்திலிருந்து பூவிருந்தவல்லி வரை உள்ள தொலைவு முழுவதும் அப்பிழைக்குள் அடங்கிவிடும். எனவே மெல்லிய கோடு ஒரு பொய். நேரம் செல்லச் செல்ல விரிந்துகொண்டே போகும் கூம்பு வடிவமே உண்மைக்கு நெருங்கியது. கூம்பை வரையாத நிரலை வெளியிடாமல் இருப்பதே நன்று.

இன்னும் பெரிய பிழை ஒன்று உண்டு. புயலின் மையத்தை மட்டும் பார்ப்பது மேற்குப் புறநகர்களில் வாழ்வோரை ஏமாற்றிவிடும். அண்மைக் காலத்து நிகழ்ச்சிகளைக் கண்டால் இது விளங்கும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பெய்த பெருமழையை எவரும் மறந்திரார். மறுநாட் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. பூவிருந்தவல்லிக்கு அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நிரம்பிய ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடிக்கு மேற்பட்ட நீர் வெளியேறி அடையாற்றில் பாய்ந்தது. அத்துணைப் பேரழிவை விளைத்தது எந்தப் புயல்? எந்தப் புயலும் அன்று. அது புயலாக வளராத காற்றழுத்தத் தாழ்வுநிலை. அதற்குப் பெயர்கூட இல்லை. புயல்களை மட்டுமே தொடரும் நிரல் அன்று வெறுந்திரையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தது. அது சென்னையில் கரை கடக்கவில்லை. கடலிலேயே மெல்ல ஊர்ந்து வடக்கே சென்று, 5ஆம் நாள் ஆந்திர மாநிலத்துப் பாபட்லாவிற்கு அருகே கரையேறிற்று. வரைபடத்தைப் பார்த்தவர், 'நம்மை விட்டு விலகிப் போகிறது' என்றே எண்ணியிருப்பர். ஆயினும் 4ஆம் நாட் காலையில் ஆவடியில் பதிவான மழை ஏறத்தாழ 28 சென்டிமீட்டர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நீர் புகுந்து எந்திரங்கள் மூழ்கின. புயல் எவ்வளவு அருகில் வந்தது என்பதினும் எவ்வளவு மெதுவாகச் சென்றது என்பதே அங்குக் கேட்க வேண்டிய வினா. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த 'ஃபெஞ்சல்' புயலும் நகராமல் பல மணி நேரம் நின்று, அந்நகரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டிற்று.

வர்தாவில் காற்று, மிக்ஜாமில் மழை, 2015இல் ஏரி. எனவே அம்பத்தூரிலோ ஆவடியிலோ இருந்து நிரல் எழுத முனையும் ஒருவர், வங்கக் கடலின்மேல் இன்னுமொரு கோடு வரைவதில் தம் இரவுகளைச் செலவிட வேண்டுவதில்லை. அத்தகைய கோடுகள் உலகில் போதிய அளவு உள்ளன. கடலில் உள்ள புயலைத் தெருவிற்குக் கொண்டுவருவதே அவர் செய்யத்தக்கது. தெரு எவ்வளவு தாழ்வில் உள்ளது? மேலே உள்ள ஏரி எவ்வளவு நிரம்பியுள்ளது? அதன் உபரிநீர் எக்கால்வாய் வழியே செல்லும்? பருத்திப்பட்டு ஏரியும் அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் எங்கே இருக்கின்றன என்பதை அயல்நாட்டு நிரலாளர் அறியார். அங்கே வாழ்பவர் அறிவார்.

இவ்வாறு ஒரு பணி முன்னரே நடந்ததுண்டு. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது அருண் கணேஷ் என்னும் நிலப்பட வல்லுநரும் அவர் தோழர்களும் நீர் சூழ்ந்த தெருக்களைக் காட்டும் படம் ஒன்றைக் கணினியில் அமைத்தனர். 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்னும் கட்டற்ற உலகப்படமே அதற்கு அடிப்படை. தெருவில் நிற்கும் எவரும் தம் தெருவைத் தொட்டு, 'இங்கே நீர் உள்ளது' என்று குறிக்கலாம். 2,500க்கும் மேற்பட்ட தெருக்களை மக்களே குறித்தனர். அப்படத்திற்கு எவரும் விலை கொடுக்கவில்லை. எவரிடமும் இசைவு பெற வேண்டியிருக்கவுமில்லை. அடிப்படைப் படம் ஒரு நிறுவனத்தின் பூட்டிய பெட்டியில் இருந்திருந்தால், இசைவுக் கடிதம் எழுதி முடிப்பதற்குள் வெள்ளம் வடிந்திருக்கும்.

'கட்டற்ற' என்னும் சொல்லைச் சிலர் 'இலவசம்' என்று மட்டும் பொருள் கொள்கின்றனர். அது குறைப்பொருள். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியபோது, விலையின்மையைவிட உரிமையையே வற்புறுத்தினார். நிரலைப் பயன்படுத்தும் உரிமை, அதன் உள்ளமைப்பைப் படித்தறியும் உரிமை, திருத்தும் உரிமை, பிறர்க்கு வழங்கும் உரிமை ஆகியவை எல்லார்க்கும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. புயல் பற்றிய நிரலுக்கு இவற்றுள் மிக இன்றியமையாதது படித்தறியும் உரிமை. 'புயல் 21 மணி நேரத்தில் வரும்' என்று ஒரு நிரல் சொன்னால், அந்த 21 எவ்வாறு வந்தது என்று பார்க்கும் வாயில் திறந்திருத்தல் வேண்டும். மூடிய நிரல் சொல்லுவது குறி சொல்வதை ஒத்ததே.

இதற்கு மறுப்பு உண்டு. 'ஆளுக்கொரு நிரல், ஆளுக்கொரு கணிப்பு என்றானால் மக்கள் எதனை நம்புவர்?' என்று கேட்போர் உளர். கேள்வி நேரியது. 2015ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் பெயரால் ஒரு பொய்ச் செய்தி சென்னையெங்கும் பரவிற்று. 250 சென்டிமீட்டர் மழை கொட்டப்போவதாக அது அச்சுறுத்தியது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் சராசரியே ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அந்த ஓர் எண்ணை நினைவில் கொண்டவர் அப்பொய்யை உடனே தள்ளியிருப்பர். அச்சமூட்டும் தலைப்புகளால் பார்வையாளரைத் திரட்டிப் பொருளீட்டுவோர் இன்றும் உள்ளனர். அவர்களையும் பொழுதுபோக்கு ஆய்வாளரையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று.

'தமிழ்நாடு வெதர்மேன்' என்னும் பெயரில் எழுதும் பிரதீப் ஜானை எண்ணிப் பார்க்கலாம். அவர் வானிலைத் துறை அலுவலர் அல்லர். வேறொரு பணியில் இருந்துகொண்டே மழையைப் பற்றி எழுதத் தொடங்கியவர். 2015ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பல்லாயிரவர் அவர் குறிப்புகளை எதிர்நோக்கினர். என்ன நிகழும் என்பதோடு, ஏன் அவ்வாறு கருதுகிறார் என்பதையும் படங்களோடு அவர் விளக்கினார். அதுவே மக்களை அவர்பால் ஈர்த்தது. 'அதிகாரமுறையான எச்சரிக்கைக்கு வானிலை மையத்தையே நோக்குக' என்று சொல்லும் வழக்கமும் இத்தகைய ஆர்வலரிடையே உண்டு. அவ்வொரு வரியை ஒவ்வொரு நிரலும் தன் முகப்பில் தாங்குதல் வேண்டும்.

வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தோன்றும் புயல்களுக்கென 2020இல் வெளியான பெயர்ப்பட்டியலில் இந்தியா வழங்கிய பெயர்களுள் ஒன்று 'முரசு'. பண்டை நாளில் முரசு அறைந்து செய்தி சொல்வது அரசின் உரிமை. ஊரை விட்டு அகலுமாறு ஆணையிடுவதும், பள்ளிகளை மூடுவதும், மீனவரைத் திரும்ப அழைப்பதும் இன்றும் ஒரே குரலில் வரவேண்டிய செயல்கள். நிரலாளர் முரசைக் கையில் எடுத்தல் ஆகாது. முரசொலி கேட்டவர், 'இது என் தெருவிற்கு என்ன சொல்கிறது?' என்று வினவும்போது விடை கூறுவதே அவர் எல்லை. அவ்வெல்லைக்குள் அவரை அரசும் தடுத்தல் ஆகாது. மழை அளவுகளையும் ஏரி மட்டங்களையும் கணினி படிக்கத்தக்க வடிவில் மணிதோறும் வெளியிட்டு அவர்க்கு உதவுதல் வேண்டும். அவை மக்கள் வரிப்பணத்தில் அளக்கப்பட்ட எண்கள் ஆதலின், மக்கட்கே உரியவை.

ஆர்வலரின் சொல்லை அலட்சியம் செய்ததன் விளைவை வங்க நாடு ஒருமுறை கண்டது. கல்கத்தாவிற்குத் துணையாக மாட்லா ஆற்றங்கரையில் புதியதொரு துறைமுகம் அமைக்க ஆங்கில அரசு திட்டமிட்டது. புயலலை அவ்விடத்தை அழித்துவிடும் என்று 1853இல் பிடிங்டன் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குக் கடிதம் எழுதினார். அது பயன்படவில்லை, கானிங் துறைமுகம் எழுந்தது. 1858இல் பிடிங்டன் மறைந்தார். 1867ஆம் ஆண்டு நவம்பரில் புயலும் அலையும் அத்துறைமுகத்தைச் சிதைத்தன. பின்னர் அது கைவிடப்பட்டது.

பிடிங்டனிடம் இருந்தவை கப்பல்களின் நாட்குறிப்புகள். ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ உள்ள ஒரு மாணவனுக்கு நேரான சுவருடைய கலம் ஒன்றும் அளவுகோல் ஒன்றும் போதும். மழைக்காலத்தில் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, வானிலை மையம் அளக்கும் அதே நேரத்தில், கலத்து நீரை அளந்து, நாளும் இடமும் சேர்த்து எழுதி வைக்கலாம். அடுத்த தெருவில் இருப்பவன் எழுதியதோடு அதனை ஒப்பிட்டால், ஒரே ஊருக்குள்ளும் மழை எவ்வளவு வேறுபடுகிறது என்பது முதல் வாரத்திலேயே தெரியவரும். நிரல் எழுதுதல் அதற்குப் பின்னர்த் தொடங்கலாம்.